நாள் குறிப்பது யார்? – பண்டிகை விடுமுறையும் பேறுகாலமும்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் குடில் வேலை, பாடல் பயிற்சி, கேக், புத்தாடை என்று பேச்சு ஓடும். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பேச்சு வேறு. "டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி 28. அதற்குள் கிறிஸ்துமஸ் லீவு வந்துவிடுகிறதே! 22ஆம் தேதியே வலி ஊசி போடச் சொல்லிவிடலாமா?" என்று மாமியார் கேட்பார். திருப்பூரிலோ கோவையிலோ வேலை செய்யும் கணவர், தனக்குக் கிடைக்கும் நான்கு நாள் விடுமுறைக்குள் குழந்தை பிறந்துவிட்டால் நல்லது என்று நினைப்பார். "பாலன் இயேசு பிறந்த நாளிலேயே பிறக்கட்டுமே" என்று ஆசைப்படும் பாட்டியும் உண்டு.

இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் இன்று நம் நாட்டில் பிறப்பின் நாளை யார் முடிவு செய்கிறார்கள் என்ற பெரிய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. அதைச் சற்று ஆய்ந்து பார்ப்போம்.

அச்சம் நியாயமானதே

சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று பந்தலூர் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்களில் பலர் தாயகம் திரும்பிய தமிழர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் இம்மலையைத் தங்கள் வீடாக்கிக்கொண்டவர்கள். இவர்களோடு பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்களும் வாழ்கிறார்கள்.

நள்ளிரவில் வலி கண்டால் இங்கிருந்து பந்தலூருக்கோ கூடலூருக்கோ கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்கோ போக வேண்டும். சிக்கலான பேறு என்றால் கூடலூரிலிருந்து மேலும் சுமார் 50 கி.மீ. மலையேறி உதகை செல்ல வேண்டியிருக்கும். 2025இல் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் வளைந்து வளைந்து செல்லும் பாதை அதனால் குறைந்துவிடவில்லை. விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகளின் நெரிசல் வேறு. அதைக் கட்டுப்படுத்தத்தான் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறையே வந்தது. இரவில் யானை பயமும் உண்டு. 2020 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், சேரம்பாடிப் பகுதியில் ஒரே யானை தாக்கிச் சில நாட்களில் மூவர் உயிரிழந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, "லீவுக்கு முன்பே முடித்துவிடலாம்" என்று நினைக்கும் தாயை நாம் குறை சொல்ல முடியாது. மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் உண்டு, பண்டிகை உண்டு. ஆனால் அச்சம் நியாயமானது என்பதாலேயே அதற்குத் தேடும் தீர்வும் சரியானதாகிவிடுமா?

எங்கும் நடக்கும் கதை

பிறப்பின் நாளை நகர்த்துவது உலகெங்கும் நடக்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளின் பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்தால், கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில்தான் மிகக் குறைவான குழந்தைகள் பிறக்கின்றன. கருவிலுள்ள குழந்தைக்கு விடுமுறை தெரியாது, மருத்துவமனைக்குத் தெரியும்! ஆஸ்திரேலியாவில் 2004 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவித்தொகை என்று அரசு அறிவித்தது. அந்தத் தொகைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டதாகப் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நம் ஊரில் காரணங்கள் வேறு. சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பார்கள். நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நேரம் குறிப்பார்கள். 12-12-12 போன்ற தேதிகளுக்கும் மவுசு உண்டு. கிறிஸ்துமஸ் அன்றே பிறக்க வேண்டும் என்று நாம் ஊசி கேட்டால், ஜாதகம் பார்ப்பவரை விட நாம் எந்த வகையில் மேலானவர்கள்?

2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 100க்கு 99 பிறப்புகளுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழகத்தில் 44.9 விழுக்காடு பிறப்புகள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 63.8 விழுக்காடு. இந்தியாவின் சராசரி 21.5தான். ஒரு நாட்டில் சிசேரியன் 10 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. சிசேரியன் பல்லாயிரம் உயிர்களைக் காத்த கொடை. ஆனால் நம் வசதிக்காக நாட்காட்டியைத் திருத்தும் கருவியாக அது மாறலாமா?

அந்தத் தேதி என்ன சொல்கிறது?

மருத்துவர் குறித்துத் தரும் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டி வருவது. அது ஒரு மதிப்பீடு. சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுக்காத, மாதவிலக்கு நாளும் சரியாக நினைவில்லாத பெண்ணுக்குக் கணக்கு இரண்டு வாரம் கூட முன்பின் ஆகலாம். 39 வாரம் என்று நினைத்து ஊசி போட்டால், உள்ளே இருப்பது 37 வாரக் குழந்தையாக இருக்கலாம்.

37 வாரம் ஆனாலே நிறைமாதம் என்பது பழைய கணக்கு. 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் இதைத் திருத்தினார்கள். 39 வாரம் முடிந்த பிறகே முழு நிறைமாதம். 37, 38 வாரங்களில் காரணமின்றி வெளியே எடுக்கப்படும் குழந்தைகளில் சிலருக்கு மூச்சுத் திணறலும், இரத்தத்தில் சர்க்கரைக் குறைவும், பால் குடிப்பதில் சிரமமும் ஏற்படுகின்றன. அப்போது அந்தப் பச்சிளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எந்தச் சாலைக்குப் பயந்தோமோ அதே சாலையில் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு நடைமுறை உண்மை. கருப்பை வாய் பிறப்புக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க 'பிஷப் மதிப்பெண்' என்று ஒரு கணக்கு உண்டு. (நம் ஆயர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1964இல் அதை வகுத்த மருத்துவரின் பெயர் எட்வர்ட் பிஷப்!) இந்த மதிப்பெண் குறைவாக இருக்கும்போது வலியைத் தூண்டினால் ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். 23ஆம் தேதி தொடங்கியது 24 இரவில் வந்து நிற்கும். தப்ப நினைத்த அதே விடுமுறையில் போய் மாட்டிக்கொள்வோம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018இல் அமெரிக்காவில் 6,106 தலைப்பிள்ளைக்காரத் தாய்மாரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சரியான கணக்கோடு 39ஆவது வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களில் 18.6 விழுக்காட்டினருக்குச் சிசேரியன் ஆனது, காத்திருந்தவர்களில் 22.2. ஆகவே 39 வாரத்திற்குப் பின் வலியைத் தூண்டுவதே ஆபத்து என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் அது தேதி உறுதியாகத் தெரிந்த பெண்களுக்கு, இரவு பகல் கண்காணிப்பு உள்ள மருத்துவமனைகளில் நடந்தது. விடுமுறைக்கு முன் அவசர அவசரமாகச் செய்வதற்கு அது சான்றாகாது. சிக்கலற்ற பேறுகாலத்தில் 41 வாரத்திற்கு முன் தூண்ட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரத்த அழுத்தம் ஏறுதல், கட்டுப்படாத சர்க்கரை, வலியின்றிப் பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், 41 வாரம் தாண்டுதல் – இவற்றில் ஏதேனும் இருந்து மருத்துவர் "இன்றே" என்று சொன்னால், அது கிறிஸ்துமஸ் இரவானாலும் தயங்கக்கூடாது. அப்போது காத்திருப்பதுதான் தவறு. அதேபோல, விளக்கெண்ணெய் குடிப்பது, தெரிந்தவரை வைத்து வீட்டிலேயே வலி ஊசி போட்டுக்கொள்வது போன்றவை வேண்டவே வேண்டாம். முன்னது வயிற்றுப்போக்கில் உடலை வற்றவைக்கும். பின்னது கருப்பையையே கிழித்துவிடலாம்.

திருச்சபையின் பார்வை

பேறுகால வேதனையைத் தாங்கியே ஆக வேண்டும் என்று திருச்சபை சொல்வதில்லை. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1956 ஜனவரி 8 அன்று மருத்துவர்களிடம் பேசியபோது, வேதனையைக் குறைக்கும் மருத்துவ முறைகளைக் கிறிஸ்தவர்கள் ஏற்கலாம் என்று தெளிவாக்கினார். அமெரிக்க ஆயர்கள் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்குத் தந்துள்ள நெறிமுறைகளும், குழந்தை வெளியே உயிர்வாழக்கூடிய நிலையை எட்டிய பின், தகுந்த காரணம் இருந்தால் வலியைத் தூண்டலாம் என்கின்றன. 'தகுந்த காரணம்' என்ற அந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. தாயின் நலமும் சேயின் நலமும் தகுந்த காரணங்கள். தேதியின் அழகு, விருந்தினர் வருகை, படுக்கை காலியாக வேண்டும் என்பவை அல்ல.

லூக்கா நற்செய்தியாளர் பெத்லகேமைப் பற்றி எழுதும்போது, அவர்கள் அங்கிருந்த வேளையில் மரியாவுக்குப் பேறுகாலம் வந்தது என்று மட்டும் சொல்கிறார் (லூக் 2:6). அகுஸ்து சீசரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நெடும்பயணம், விடுதியில் இடமின்மை – எந்த வகையிலும் வசதியற்ற நேரம்! ஆனால் அங்கே குறை எது? குழந்தை பிறந்த நேரமா, கதவைத் திறக்காத ஊரா? டிசம்பர் 18ஆம் நாளைப் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் அன்னையின் நாளாகக் கொண்டாடும் பழைய மரபு உண்டு. சென்னை பரங்கிமலை ஆலயமும் அந்த எதிர்பார்ப்பின் அன்னைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. காத்திருப்பதற்கும் ஒரு புனிதம் உண்டு என்பதை இம்மரபு நமக்குச் சொல்கிறது.

பிறப்பை அல்ல, தாயை நகர்த்துவோம்

அப்படியானால் தோட்டத்துத் தாய் என்ன செய்வாள்? காத்திரு என்று சொல்லிவிட்டு நாம் குடில் கட்டப் போய்விடலாமா? விடுமுறைக்காகப் பிறப்பை முன்னே நகர்த்துவதைவிட, தாயை மருத்துவமனைக்கு அருகே நகர்த்துவதே பாதுகாப்பு. தமிழகத்தின் சில மலைப்பகுதிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு பேறுகாலக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டது இதற்காகத்தான். கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிக் கிராமங்களின் பெண்களுக்கே பயிற்சி தந்து நலப் பணியாளர்களாக்கி, கர்ப்பிணிகளைத் தேடிச் சென்றதும் இதே சிந்தனையில்தான்.

நம் அன்பியங்கள் என்ன செய்யலாம்?

நவம்பர் கடைசியிலேயே, டிசம்பர் 20 முதல் பொங்கல் வரை பேறுகாலம் உள்ள தாய்மாரை அன்பியம்தோறும் கணக்கெடுக்கலாம். கூடலூரிலோ பந்தலூரிலோ மருத்துவமனைக்கு அருகில் வீடு உள்ள பங்கு மக்கள், ஒரு அறையைப் பத்து நாட்களுக்குத் தரலாம். அந்தத் தாய் எந்த மதத்தவரானாலும் தரலாம். ஜீப், ஆட்டோ வைத்திருப்போர் எந்த இரவு யார் என்று முறை வைத்து, தொலைபேசி எண்ணை லயன் வீடுகளில் ஒட்டலாம். 108 வண்டி வரும் வரை காத்திருக்க முடியாத வேளையில் அது கைகொடுக்கும். விடுமுறை நாட்களில் எந்த மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் பணியில் இருப்பார்கள், இரத்தம் எங்கே கிடைக்கும் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு அறியலாம். அந்தப் பட்டியலை வெளிப்படையாக ஒட்டும்படி அதிகாரிகளிடம் மனு கொடுப்பதும் நம் கடமை.

கர்ப்பிணியும் வீட்டாரும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இப்போது எத்தனை வாரம், அது எந்த ஸ்கேன் கணக்கு? வலியைத் தூண்ட என்ன காரணம்? இன்னும் சில நாள் பொறுத்தால் தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆகும்? தூண்டியும் வலி வராவிட்டால் அடுத்து என்ன? மருத்துவரை அவமதிக்கும் கேள்விகள் அல்ல இவை. நல்ல மருத்துவர் மகிழ்ந்து பதில் சொல்வார்.

மரியா எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் (லூக் 1:56). எலிசபெத்தின் குழந்தையைச் சீக்கிரம் வரச் சொல்ல அவர் போகவில்லை, உடனிருக்கப் போனார். இந்தத் திருவருகைக் காலத்தில் சேரங்கோட்டு லயன் வீடு ஒன்றில் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்க்கு நாம் தரக்கூடிய கிறிஸ்துமஸ் பரிசும் அதுவே. அவளுக்கு நாள் குறிப்பதை விட்டுவிட்டு, ஓர் அறையும் ஒரு வண்டியும் உடனிருக்க ஒரு சகோதரியும் தருவோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!