கல்லும் அப்பமும்

'சோதனை' என்ற சொல்லை நாம் பல இடங்களில் கையாளுகிறோம். ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் இருக்கிறது. பேருந்தில் பயணச்சீட்டுச் சோதனை நடக்கிறது. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று மட்டும் அதே சொல் பாலைவனத்தையும் சாத்தானையும் நினைவூட்டுகிறது. ஆண்டுதோறும் அன்று பூசையில் வாசிக்கப்படும் நற்செய்தி, இயேசு சோதிக்கப்பட்ட வரலாறேயாகும். நமக்கோ அது எங்கோ யூதேயாவில் நடந்து முடிந்த செய்தியாகத் தோன்றுகிறது. கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

சாத்தான் என்ன கேட்டான் என்பதைச் சற்று ஊன்றிப் பாருங்கள். களவு செய்யச் சொன்னானா? கொலை செய்யச் சொன்னானா? நாற்பது நாள் உண்ணாதிருந்தவரிடம், கற்களை அப்பமாக்கும்படி சொன்னான். பசித்தவர் உண்பது பாவமா? பின்னாளில் இதே இயேசு ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்தாரே! ஆகவே அப்பத்தில் குற்றமில்லை. தந்தையை நம்பிக் காத்திராமல், தம் வல்லமையைத் தமக்காகவே பயன்படுத்த அழைத்ததில்தான் கண்ணி இருந்தது. சோதனை பெரும்பாலும் நல்ல பொருளின் உருவிலேயே வருகிறது என்பது என் கருத்து. தேவாலயத்தின் உச்சியில் நின்று பேசியபோது சாத்தான் சங்கீதத்தையே மேற்கோள் காட்டினான். வேதம் தெரிந்தவன்தான்!

ஏவாள் பாம்போடு உரையாடினாள். கடவுள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். இயேசு வாதாடவில்லை. அவருடைய மூன்று பதில்களும் மிகச் சுருக்கமானவை. மூன்றும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களில் உள்ளவை. நாற்பது ஆண்டு பாலைவனத்தில் அலைந்த இஸ்ராயேல் மக்களுக்கு மோயீசன் சொன்ன புத்திமதிகள் அவை. அம்மக்கள் தவறிய இடத்தில் இயேசு நின்று காட்டினார். பசியால் வாடிய நேரத்தில் புதிதாக எதையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. முன்பே உள்ளத்தில் பதிந்ததுதான் உதவிக்கு வரும்.

சாத்தான் ஒரேயடியாகப் போய்விடவில்லை, தக்க காலம் வரும்வரை விலகியிருந்தான் என்று லூக்கா எழுதுகிறார். என்னிடம் அவன் வந்த காலம் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. கணக்குத் தேர்வன்று, பின்னிருக்கைத் தோழி, "தாளைக் கொஞ்சம் நகர்த்துடி" என்றாள். தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். நகர்த்தினேன். பிறர்க்கு உதவ வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்ற பாடம்கூட அந்நேரம் எனக்குத் துணையாக வந்தது! ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் தேறிவிட்டாள்.

அன்பினால் செய்தேன் என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவள் என்னையே நம்பியிருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு இனித்தது. அதற்கு முந்திய மாதங்களில் ஒரு நாளாவது அவளுடன் உட்கார்ந்து ஒரு கணக்குச் சொல்லித் தந்தேனா? அவள் கேட்டபோதெல்லாம் நேரமில்லை என்றேன். அப்பம் கேட்டவளுக்குக் கல்லைத்தான் கொடுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது எளிதாக இருந்தது. ஆசிரியையிடம் சொல்வதுதான் கடினம்; அவளையும் காட்டிக்கொடுப்பதாகுமே! முதலில் அவளிடம் பேசினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்தே போனோம். இருவர் மதிப்பெண்ணும் போயிற்று. அவள் அப்பா மிகவும் கோபித்தார். ஆனால் படிப்பை நிறுத்தவில்லை. இதையெல்லாம் அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

இப்போது பள்ளி விட்டதும் மாதா கெபிக்கு அருகிலுள்ள வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் வடிவியல் படிக்கிறோம். தேல்ஸ் தேற்றத்தில் படம் வரைந்துவிடுகிறாள். நிரூபணத்தின் மூன்றாவது வரியில்தான் இன்னும் தடுமாறுகிறாள்.