பழைய மிக்சியும் ஃபிரான்சைஸ் பலகையும்

கடைவீதியில் ஒரு சின்ன அறை. வாசலில் பளபளப்பான பலகை. வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கடைக்காரரே படம் எடுத்து, இணையத்தில் ஏலம் விட்டு, கமிஷன் போக மீதியைக் கையில் தருவார். இப்படியொரு கடைக்கான ஃபிரான்சைஸை தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் ஓர் இளைஞர் எடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம், கடை அலங்காரம், கணினி, கேமரா எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம். பெங்களூரு பேக்கரியில் வேலை பார்த்துச் சேர்த்தது ஒரு லட்சம், அம்மாவின் நகையை அடகு வைத்தால் ஒரு லட்சம், மீதி மூன்று லட்சம் வங்கிக் கடன். எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். ‘ஆன்லைன் என்றாலே ஏமாற்று’ என்று திண்ணையில் பேசிக்கொள்கிறார்களே, அந்தக் காரணம் எனக்கு ஏற்புடையதல்ல. இந்தத் தொழில் மோசடியாக இல்லாமல், நேர்மையாக நடத்தப்பட்ட இடத்திலேயே நொடித்துப்போனது. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கதையைத்தான்.

அமெரிக்காவில் 1995-ல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலத் தளம் ஈபே. அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். உடைந்ததற்கும் உலகத்தில் எங்கோ ஒருவர் காசு கொடுப்பார் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. ஆனால் படம் எடுக்கவும், விவரம் எழுதவும், பெட்டி கட்டி அனுப்பவும் எல்லோருக்கும் பொறுமை இருக்குமா? அந்த வேலையைக் கமிஷனுக்குச் செய்துதரும் கடைகள் 2003 வாக்கில் முளைத்தன. ‘ஆக்‌ஷன்டிராப்’, ‘குவிக்டிராப்’, ‘ஐ சோல்டு இட்’ ஆகியவை அவற்றில் பெரிய பெயர்கள். ‘ஐ சோல்டு இட்’டை கலிஃபோர்னியாவின் பசடீனாவில் தொடங்கிய எலிஸ் வெட்ஸெலின் கணவர், ஏற்கெனவே ‘வெட்ஸெல்ஸ் பிரெட்ஸெல்ஸ்’ என்ற தின்பண்டக் கடைத் தொடரை ஃபிரான்சைஸ் முறையில் வளர்த்தவர்களில் ஒருவர். கடையை எப்படிப் பிரித்து விற்பது என்பது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை. இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் திறந்தன. ‘ஆக்‌ஷன்டிராப்’ முதலில் சொந்தக் கடைகளை நடத்திப் பார்த்தது. 2004-ல் பொருள் வாங்கும் வேலையை யூ.பி.எஸ். பார்சல் கடைகளிடம் விட்டுவிட்டது. சொந்தக் கடையின் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையா? பத்தாண்டு முடிவதற்குள் இந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

2005-ல் வந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்றில் கதாநாயகி நடத்துவது இப்படிப்பட்ட கடைதான். உள்ளே வந்த வாடிக்கையாளர், கண்ணெதிரே இருக்கும் காலணியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முடியாது, வீட்டுக்குப் போய் ஈபேயில் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரம்மா. சிரிப்புக்காக வைத்த காட்சி. ஆனால் வாடகை கொடுத்துக் கடை போட்டுவிட்டு, கடைக்குள் வந்தவருக்கு விற்க முடியாத நிலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஏலம் என்றால் என்ன என்று தருமபுரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டுக்கூடு அங்காடியில் நாளும் நடப்பது ஏலம்தான். ஊர் ஊருக்கு ஏலச்சீட்டு வேறு. சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். 2019 திருத்தத்துக்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது. இணைய ஏலக் கடைகளோ விற்ற விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்தன. அப்படி எடுத்தும் ஏன் நிற்கவில்லை?

ஒரு பழைய மிக்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; மூன்று வேகமும் ஓடுகிறதா, கருகின வாடை வருகிறதா? ஜார் மூடியின் ரப்பர் இருக்கிறதா? பிளேடு ஆடுகிறதா? அடியில் ஒட்டிய சட்னிக் கறையைத் துடைக்க வேண்டும். நான்கைந்து கோணத்தில் படம், விரிசலுக்குத் தனிப் படம். பிறகு விவரம் எழுத வேண்டும். ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்கும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். விற்றால் பெட்டி தேட வேண்டும், குமிழி உறை சுற்ற வேண்டும், எடை போட்டு கூரியரில் சேர்க்க வேண்டும். போய்ச் சேர்ந்தபின் ‘ஜார் உடைந்திருக்கிறது’ என்று திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. குறைந்தது ஒரு மணி நேர வேலை. அடுத்து வருவது தையல் மெஷின். அதற்கு வேறு படம், வேறு விவரம், வேறு பெட்டி. மளிகைக் கடையில் ஒரே சோப்பை ஆயிரம் பேருக்கு விற்கலாம். இங்கே ஒவ்வொரு பொருளும் தனிப்பிறவி. வேலை பழகப் பழகச் செலவு குறையும் என்ற கணக்கு ஓரளவுக்கு மேல் செல்லாது.

இப்போது ரூபாயில் போட்டுப் பார்ப்போம். இவை என் உத்தேசக் கணக்குகள். அவரவர் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பொருள் சராசரி 600 ரூபாய்க்கு விற்கிறது. கமிஷன் 35 சதவீதம், அதாவது 210. தளத்தின் கட்டணமும் தலைமையகத்தின் ராயல்டியும் 60, பெட்டி, டேப் வகையறா 30. கடைக்கு நிற்பது 120. மாத வாடகை 4,000, ஒரு உதவியாளுக்கு 9,000, மின்சாரமும் இணையமும் 1,500. மூன்று லட்சம் கடனை 12 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 6,670. மொத்தம் 21,000-ஐத் தாண்டுகிறது. கடை திறந்து வைக்கவே மாதம் 177 பொருள் விற்க வேண்டும். முதலாளி தனக்கும் 15,000 ரூபாய் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுமார் 300 பொருள். வேலை நாளுக்குப் பன்னிரண்டு. வாங்கியதெல்லாம் விற்றுவிடும், எதுவும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நகைக் கடனுக்கான வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

மாதம் 300 பொருளுக்கு ஏரியூரில் எங்கே போவது? அமெரிக்க வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையும் மேல்மாடமும் தேவையில்லாத சாமான்களால் நிறைந்து கிடந்தன. அந்தத் தொழிலின் மூலப்பொருளே அதுதான். நம் வீட்டில் பழைய மிக்சி சும்மா கிடப்பதில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போகும். இல்லையென்றால் ஆடித் தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஓடவே ஓடாது என்றான பிறகு காயலான் கடை எடைக்கல்லுக்குப் போகும். பரணில் கிடப்பவற்றிலும் பாதி அரசு கொடுத்தவை. 2006-ல் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011-லிருந்து வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, பள்ளிப் பிள்ளைகளின் மடிக்கணினி. அரசு முத்திரையோடு, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த பொருட்களைப் படம் எடுத்து ஊரறிய இணையத்தில் போடும் துணிச்சல் யாருக்கு வரும்?

உண்மையில் விலை போகக்கூடியவை இரண்டு. ஒன்று பழைய செல்போன், மற்றொன்று பழங்காலப் பொருள். இரண்டிலும் போலீஸ் இருக்கிறது. யாரோ கொண்டுவந்து கொடுக்கும் போன் அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். காணாமல் போன போனைத் தேட சி.இ.ஐ.ஆர். தளம் இருக்கிறது; அந்த போன் எங்கோ ஒருவர் கையில் உயிர்பெற்றால், விசாரணை பின்னோக்கி வந்து நிற்கும் இடம் கடை வாசல். பழங்காலப் பொருள் என்றால், நூறாண்டு கடந்த சிலை, நாணயம் போன்றவற்றை விற்பனை செய்ய 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். நடுகற்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், வயலில் கிடைத்தது என்று ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இணைய ஏலத்தை முதலில் பெரிதாக நடத்திய பாஸி தளத்தை ஈபே 2004-ல் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், யாரோ ஒருவர் விற்பனைக்குப் போட்ட ஆபாச வீடியோவுக்காக அதன் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைதானார். வழக்கிலிருந்து விடுபட உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2012 ஆயிற்று. அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள்.

பாஸியின் கதை அதோடு முடியவில்லை. ஈபே இந்தியாவை 2017-ல் ஃபிளிப்கார்ட் எடுத்துக்கொண்டது. 2018 ஆகஸ்டில் அதை மூடிவிட்டது. அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்த விற்பனையாளர்களோடு யாரும் கலந்து பேசவில்லை. அமெரிக்காவில் ஈபே 2005 தொடக்கத்தில் கட்டணத்தை ஏற்றியது. 2008-ல், மோசமான வாங்குபவரைப் பற்றி விற்பவர் குறை எழுதும் வசதியைப் பறித்தது. கமிஷன் கடைகளின் மெல்லிய லாபத்தில் விழுந்த அடிகள் இவை. ஃபிரான்சைஸ் எடுப்பவருக்கு முதலாளிகள் இரண்டு பேர்: கையெழுத்து வாங்கிய தலைமையகம் ஒன்று, கையெழுத்தே போடாத தளம் மற்றொன்று. இரண்டாமவர் விதியை மாற்றினால் முதலாமவர் கையை விரிப்பார். இதற்கிடையே, கைபேசி வைத்திருப்பவர் தானே ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ படம் போட்டுவிடுகிறார். கமிஷன் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய காரணமே தேய்ந்துவிட்டது.

தலைமையகத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். பொருள் விற்றால் அதற்கு ராயல்டி. கிளை விற்றால் நுழைவுக் கட்டணம். பொருள் விற்பது மெதுவான வேலை, கிளை விற்பது வேகமானது. பெருந்துறை ஈமு பண்ணைகள் 2012-ல் சரிந்ததைப் பார்த்த மக்கள் நாம். கறிக்கும் எண்ணெய்க்கும் சந்தை இல்லாத பறவையைப் புதிது புதிதாக வந்தவர்களின் பணம் உயிரோடு வைத்திருந்தது. ஃபிரான்சைஸ் எல்லாம் ஈமு என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிய கிளைகள் நின்றுபோனால் தலைமையகம் சம்பளம் கொடுக்க முடியுமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. (ஃபிரான்சைஸே இல்லாமல் ஃபிரான்சைஸ் விற்பவர்கள் தனி ரகம். அமுல் பெயரில் போலி இணையதளம் வைத்துப் பணம் பறித்தவர்களை நிறுத்த அந்தக் கூட்டுறவு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது.)

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். எத்தனை கிளைகள் மூடப்பட்டன, விலகிப்போனவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஆகவே அந்த ஆவணத்தை ஏரியூர்க்காரர் தானே கேட்டு வாங்க வேண்டும். ஓடும் கடைகளின் முகவரி வேண்டாம். அவற்றை அவர்களே காட்டுவார்கள். மூடிய கடைகளின் எண்களைக் கேட்க வேண்டும். தர மறுத்தால் அதுவே விடை. ‘லோனும் நாங்களே வாங்கித் தர்றோம்ணா, மானியத்தோட’ என்று சொன்னால் இன்னும் உஷாராக வேண்டும். மானியம் போக மிச்சத்தைக் கட்டப்போவது அவர்கள் அல்ல.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது மூன்று வரிகள். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில்? குருகிராம் என்று இருந்தால், ரயில் செலவுக்கே வழக்கைக் கைவிட வேண்டியிருக்கும். விற்ற பணம் யார் கணக்குக்கு வருகிறது? தலைமையகக் கணக்குக்கு வந்து பிறகு கடைக்கு வருமென்றால், அங்கே பணம் முடங்கும் நாளில் பொருள் கொடுத்த ஊர்க்காரர்கள் வந்து நிற்பது கடைக்காரர் வீட்டு முன்னால்தான். மூன்றாவது, ‘உங்கள் எல்லை’ பற்றிய வரி. ஏரியூரைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டர் உங்களுக்கே உரியது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினால் மனசு குளிரும். அந்த வட்டத்தின் மேற்குப் பக்கத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர் நிற்கிறது. அக்கரை சேலம் மாவட்டம். பண்ணவாடியில் படகேறி நாகமரையில் இறங்குகிறவர் பழைய கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த இளைஞருக்கு இதில் ஆசை இருக்கிறதென்றால், பலகை இல்லாமலேயே தொடங்கிப் பார்க்கலாம். கையில் போன் இருக்கிறது, தளங்களில் கணக்குத் திறக்கக் காசு கேட்பதில்லை. பெங்களூரு வேலையை விடாமல், ஊருக்கு வரும்போதெல்லாம் தெரிந்தவர்களின் பொருட்களை வாங்கி விற்றுப் பார்க்கட்டும். எத்தனை பொருள் வந்தது, எத்தனை விற்றது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு கம்பெனிக்காரர் முன்னால் உட்காரட்டும். ஐந்து லட்சம் எதற்கு என்று அப்போது கேட்கட்டும். அதுவரை அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கலாம்.