மேடேறும்போது நெஞ்சு சொல்வது



செப்டம்பர் 29 உலக இதய நாள். இம்முறை இதயத்தைப் பற்றிய பேச்சை ஜவ்வாது மலைக்கு, புதூர்நாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று தோன்றியது.

சாமைக் கொல்லைக்கு மேடேறிப் போகிறவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். உட்கார்ந்திருந்தபோது அவர் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது கால் தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. அந்த 5 லிட்டர் இரண்டு மூன்று மடங்காகிறது.

உடலைச் சுற்றிவந்த இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. நுரையீரலுக்கு அனுப்பக் குறைந்த அழுத்தமே போதும். அதனால் வலக் கீழறையின் சுவர் மெலிது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்பும் இடக் கீழறைக்குச் சுவர் தடிமன். போன இரத்தம் பின்வாங்காதபடி வால்வுகள் மூடிக்கொள்ளும் ஓசைதான் 'லப்-டப்'. இரத்தம் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நிறுவியது 1628இல்.

இத்தனை இரத்தம் உள்ளே புரண்டாலும் இதயத் தசைக்கு உணவு தருபவை, மகாதமனியின் தொடக்கத்தில் பிரியும் இரண்டு சிறிய கரோனரி தமனிகளே. அதிலும் இடக் கீழறைத் தசைக்குப் பெரும்பங்கு இரத்தம் கிடைப்பது, இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போது. ஊருக்கெல்லாம் படியளந்த பிறகே தனக்கு!

துடிப்பு கூடக்கூட இந்தத் தளரும் நேரம் குறையும். கரோனரி தமனியில் கொழுப்பு படிந்திருந்தால், மேடேறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பலர் இதை "வாயுப் பிடிப்பு" என்று தள்ளிவிடுகிறார்கள். மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டிய அறிகுறி இது.

தமனி முழுதாக அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. அப்புறம் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அடைப்பை நீக்கும் பெரிய மருத்துவமனைக்குப் புதூர்நாட்டிலிருந்து மலையிறங்கித்தான் போயாக வேண்டும்.

இப்படிப்பட்ட தூரங்களை மனத்தில் வைத்துத்தான் தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே மருத்துவர் ஆலோசனைப்படி 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் இரத்தக்கட்டி வளரவிடாமல் தடுப்பவை. மூன்றாவது, கொழுப்புப் படிவை நிலைப்படுத்தத் துணைசெய்வது. இவை அடைப்பைத் திறந்துவிடாது. மேல்சிகிச்சைக்குப் போகும் வரை நேரம் வாங்கித் தரும். எல்லா நெஞ்சுவலிக்கும் இவை ஒத்துவராது என்பதால், வீட்டில் தாமாக எடுத்து விழுங்கவும் கூடாது.

மலையோ சமவெளியோ, உங்கள் ஊருக்கு அருகில் இந்த மாத்திரைகள் எந்த நிலையத்தில் கிடைக்கும் என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்