தாழ்த்திய காரும் ஏற்காட்டு மலைப்பாதையும்: எந்த ஷாக் அப்சார்பர் சரி?

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டைத் தாண்டி, கரடியூர் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போனால் சாலை இன்னும் குறுகும். அழகுக்காக உயரம் குறைத்த கார் ஒன்று இந்தப் பாதையில் அடிக்கடி ஏறி இறங்கினால், முதலில் எழும் புகார் இதுதான்: “அண்ணா, ஷாக் போயிடுச்சு. கொஞ்சம் டைட்டா ஒண்ணு மாட்டி விடுங்க.”

இந்தக் கோரிக்கையிலேயே கோளாறு இருக்கிறது. தாழ்த்திய காருக்கு ஷாக் வாங்கும்போது முதல் கேள்வி டைட்டா, லூஸா என்பதல்ல. நீளம் எவ்வளவு என்பதுதான்.

ஷாக் என்ன வேலை செய்கிறது?

காரின் எடையைத் தாங்குவது ஷாக் அல்ல, ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக். உள்ளே இருக்கும் பிஸ்டன், சிறு துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் கரைகிறது. டயர் சாலையை விட்டு எழாமல் இருப்பது இதனால்தான். ஷாக் என்பது சொகுசுக்கான பொருள் மட்டுமல்ல. பிரேக்கைப் போல அதுவும் பாதுகாப்புக்கான பொருள்.

40 மி.மீ. குறைத்தால் என்ன ஆகும்?

ஒரு காரின் ஷாக், நின்ற நிலையில் இருந்து 70 மி.மீ. அமுங்க இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30 மி.மீ.தான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அதிலும் பாதி போய்விடலாம். பிறகு ஒவ்வொரு குழியிலும், முட்டுக்காக வைத்திருக்கும் ரப்பர் மீது ஷாக் இடிக்கும். டம் டம் என்று சத்தம் வரும், எண்ணெய் கசியும், புது ஷாக்கும் சீக்கிரமே போய்விடும்.

மலை இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பிரேக் பிடித்தபடி வளைவில் திரும்பும்போது முன்பக்கம், அதிலும் வளைவின் வெளிப்புறச் சக்கரம், அமுங்கும். ரப்பரில் முட்டியதும் அமுக்கம் சட்டென நின்றுவிடும். அந்த நொடியில் டயரின் பிடி குறையலாம். மழை பெய்து, பனிமூட்டமும் சேர்ந்தால் தப்பிக்க இடமில்லை.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் உட்புறச் சக்கரம் கீழே தொங்கும். ஸ்பிரிங் குட்டையாகவும் ஷாக் பழைய நீளத்திலும் இருந்தால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று ஆடும். ஸ்பிரிங்கை வெட்டி உயரம் குறைத்த கார்களில் இது மிகவும் ஆபத்து. வெட்டிய முனை சரியாக உட்காராது.

அப்படியென்றால் எதை வாங்குவது?

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியேல் போன்ற நிறுவனங்களின் சாதாரண மாற்று ஷாக்குகள், கம்பெனி உயரத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்த உயரத்தில் அவை நல்ல பொருள்தான். தாழ்த்திய காரில் மாட்டினால் தப்பு பொருளில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் கம்பெனி உயரத்துக்கு பி6, தாழ்த்திய கார்களுக்குக் குட்டையான பி8 என்று தனித்தனியாகவே செய்கிறது. ஒரே ஷாக் இரண்டுக்கும் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, சக்கர மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, கார் உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது. இரண்டு, மாட்டியிருப்பது வெட்டிய ஸ்பிரிங்கா, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கா என்பது. வெட்டியது என்றால் பேச்சே வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்று, ஷாக் முழுதாக நீண்டால் எவ்வளவு, அமுங்கினால் எவ்வளவு என்ற அளவு. நான்கு, ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற ஷாக்தானா என்பது. விறைப்பான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி எழும். அதைப் பிடித்து நிறுத்த ஷாக்குக்கும் வலு வேண்டும்.

ஒரு அச்சில் இரண்டு ஷாக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முட்டு ரப்பர், மேல் மவுண்ட் ஆகியவையும் புதிதாக இருக்கட்டும். “இடிக்குதுன்னா ரப்பரை வெட்டிடலாம்” என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. பிறகு அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

மாட்டிய பின் சோதனை எளிது. காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், ஸ்பிரிங் கையால் அசைத்தாலும் அசையக் கூடாது. ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, வழக்கமான சுமையோடு ஓட்டி வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போனது என்று அந்த டை காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்தில் இருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவில் புதியது மாட்டுவது பராமரிப்பு. உயரத்தையே மாற்றுவது வேறு கதை. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் பேச்சு வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

ஆக, கணக்கு ஒன்றுதான். மலைப்பாதையில் குடும்பத்தோடு போய்வரும் காருக்கு, தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் தேடி அலைவதைவிட, கம்பெனி ஸ்பிரிங்கையும் கம்பெனி அளவு ஷாக்கையும் ஒன்றாகத் திரும்ப மாட்டுவதே மேல். செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை. “டைட்டா ஒண்ணு மாட்டுங்க” என்று கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் “முதல்ல ஸ்பிரிங்கைப் பார்த்துடலாம்” என்று சொல்கிற மெக்கானிக்தான் உண்மையில் அவருக்கு வேண்டியவர்.