மிதிப்பதும் உருட்டுவதும்

முப்பது ஆண்டுகள் விடியுமுன்னே பிரட்டுக்கு ஓடிய நம் தந்தையார், கணக்கப்பிள்ளை வேலையினின்றும் இளைப்பாறியபின் துவிச்சக்கர வண்டி ஒன்றை வாங்கினார். ஞாயிறு காலையில் அதை வெளியே எடுத்தாரானால் நம் தாயாருக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது.

"இந்த மலையில சைக்கிள் கேக்குதா? விழுந்தா யாரு தூக்குறது?"

அக்கவலையில் நியாயம் இல்லாமலில்லை. தெமோதரையில் சமதரை காண்பது அரிது. ஆகவே சென்ற வாரம் இரவல் வண்டியொன்றில் நாமும் துணை சென்றோம். முதல் ஏற்றத்திலேயே நமக்கு மூச்சு வாங்கிற்று. தந்தையாரோ இறங்கி வண்டியை உருட்டியபடி, எதிர்ப்பட்டோரையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

புகையிரத நிலையத்தருகே நின்று தண்டவாளத்தைக் காட்டினார். எல்லவிலிருந்து ஒன்பது வளைவுப் பாலங் கடந்து வரும் பாதை, நிலையத்தைத் தாண்டிக் குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைந்து பதுளை நோக்கிச் செல்கிறது. 44 அடி நீளத்துக்கு ஓரடி என்பதே இம்மலைப்பாதையின் கடுஞ்சரிவு. அதற்குமேல் இயலாமையால், 1924இல் பதுளையை எட்டிய பாதைக்கு இத்தகைய சுற்று வேண்டியதாயிற்று.

"ரயிலே சுத்திக்கிட்டுத்தான் போகுது தம்பி. எனக்கென்ன அவசரம்?"

திரும்புகையில் இறக்கம் முழுவதும் இரு பிரேக்குகளையும் பிடித்தே வந்தார். வீட்டுத் திருப்பத்தில் தாயார் காத்து நின்றார். தந்தையாரை மேலுங்கீழும் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. முழங்காலில் சிராய்ப்போடு நின்றது நாமே.