இழுத்துப் பேசுகிறவன்

வாயைத் திறந்தால் சாதி தெரிந்துவிடுகிற ஊர்கள் நம்முடையவை. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், ‘தம்பிக்கு எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வந்து விழும். நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ‘நீங்க’ என்று ஆரம்பித்தவர், என் பேச்சைக் கேட்டபின் ‘நீ’க்கு இறங்கி வந்ததை எத்தனையோ தடவை பார்த்தாச்சு. எங்க ஆத்தா பேசுகிற பேச்சைச் சுத்தமில்லாத பேச்சு என்று சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடங்களில்தான் நாமெல்லாம் படித்தோம். அந்தப் பேச்சை அப்படியே அச்சிலேற்றி, நம்ம மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார். இதெல்லாம் இலக்கியத் தமிழா என்று முகம் சுளித்தவர்களும் அதை மேற்கோள் காட்டுகிற காலம் பின்னால் வந்தது.

குரலில் சாதியைத் தேடுகிற அதே காது இன்னொன்றையும் தேடுகிறது. அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் நாம் பேசியதே இல்லை. ஓர் ஆண் சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பேசினால், ‘அய்யோ’வை நாலு பேர் சொல்வதைவிட மேலே ஏற்றிச் சொன்னால், பேசும்போது கை கூடுதலாக அசைந்தால், தீர்ப்பு வந்துவிடும்: ‘ஒம்போது.’ ஒன்றுமறியாத ஓர் எண்ணை வசவாக்கி வைத்திருக்கிற சமூகம் இது. வங்கியில் ஒன்பதாம் நம்பர் டோக்கனைக் கூப்பிட்டால் வரிசையில் நிற்கும் இளவட்டங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். டோக்கன்காரர் பாவம், பென்ஷன் எடுக்க வந்த பெரியவராக இருப்பார்.

இந்த ஒரே வசவுக்குள் எத்தனை பேரைப் போட்டு மூடுகிறார்கள்? திருநங்கையர் ஒரு பக்கம். ஆணை நேசிக்கும் ஆண்கள் ஒரு பக்கம். பெண்ணைக் கட்டி மூணு பிள்ளை பெற்று, பிறவியிலேயே மென்மையான குரல் வாய்த்த ஆண்கள் இன்னொரு பக்கம். இவர்கள் ஒருவரல்ல. திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்பவர். தன்பாலீர்ப்புள்ள ஆண் தன்னை ஆணாகவே உணர்ந்து இன்னோர் ஆணை விரும்புபவர். அவர் மில்லில் மூட்டை தூக்கலாம், லாரி ஓட்டலாம், கட்டைக்குரலில் மேடையில் கர்ஜிக்கலாம். ஊர்க்காது அவரைக் கண்டுபிடிக்கவே செய்யாது. கண்டுபிடித்துவிட்டதாக அது நினைக்கிற ஆளில் பலர் அவராக இருக்கவும் மாட்டார்கள்.

அமெரிக்காவில் ருடால்ஃப் கௌடியோ என்ற மொழியியலாளர் 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எட்டு ஆண்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். நான்கு பேர் தன்பாலீர்ப்புள்ளவர்கள், நான்கு பேர் அப்படியல்ல. கேட்டவர்கள் யார் யார் என்று பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் எதை வைத்துச் சொன்னார்கள்? குரல் ஏறி இறங்குவதுதான் அடையாளம் என்பது பொதுநம்பிக்கை. அளந்து பார்த்தபோது அந்த ஏற்ற இறக்கத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு அகப்படவில்லை. எட்டுக் குரல்களை வைத்து உலகத்துக்கே முடிவு கட்ட முடியாது, அதுவும் ஆங்கிலக் குரல்களை வைத்துத் தமிழுக்கு முடியவே முடியாது. ஆனாலும் ‘காது கேட்டால் தெரிந்துவிடும்’ என்கிற தைரியம் எவ்வளவு தொளதொள என்பது அதில் தெரிகிறது.

பேச்சுமுறை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் கூடுகிற இடத்தில் அவர்களுக்கென்று ஒரு பேச்சு பிறக்கும். அது நமக்குத் தெரியாததா? இங்கிலாந்தில் இத்தகைய ஆண்கள் போலாரி என்ற குழூஉக்குறிப் பேச்சை வைத்திருந்தார்கள். ஆண்கள் கூடுவது அங்கே குற்றமாக இருந்த காலத்தில், போலீஸ் காதுக்குப் புரியாமல் பேசிக்கொள்ள அது வழியாயிற்று. பி.பி.சி. வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சியொன்று 1965 முதல் 68 வரை அதே பேச்சை வைத்து நாட்டையே சிரிக்க வைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் தளர்ந்தது 1967இல். தமிழ்நாட்டுத் திருநங்கையருக்குக் கவுடி பாஷை உண்டு. அவர்களோடு பழகும் ஆண்களிடையே ‘கோத்தி’, ‘பந்தி’ என்ற சொற்கள் உண்டு. ‘வாடி’, ‘போடி’ என்று ஆண்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் உண்டு. வெளியே வசவாக வருவதை உள்ளே உறவாக்கிக்கொள்வது அது. ‘தலித்’ என்ற சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லக் கற்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். பால்கோவாவுக்கும் அரசு முத்திரைக் கோபுரத்துக்கும் பேர்போன ஊர். அங்கே பிறந்த பெரியாழ்வார் யசோதையாக மாறித் தாய்க்குரலில் பாடியவர். நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். இந்தக் கோயிலில் இன்றும் அரையர் சேவை நடக்கிறது. அரையர் மரபில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. காதல் நோயில் விழுந்த தலைவி, அவளுடைய தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி – எல்லாருடைய பேச்சையும் ஆணான அரையரே பேசி அபிநயிப்பார். பார்க்கிறவர்கள் கண்ணில் நீர் விடுவார்கள். ஒரு பயலும் விசிலடிக்க மாட்டான். கர்ப்பகிரகத்துக்குப் பக்கத்தில் நின்று பரம்பரை உரிமையோடு ஓர் ஆண் பெண்ணாகப் பேசினால் அது பக்தி, பாவம், நாயகி பாவம்! அதே ஊர்த் தேரடியில் கடலை விற்கிற சேரிப்பையன் குரல் இழுத்தால் ஒம்போது. அரையரின் கலை மீது எனக்கு வருத்தமில்லை. அந்த ஆணுக்குக் கிடைக்கும் மரியாதை எந்தச் சாதியின் பெயரால் கிடைக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

மேடை நாடகத்திலும் இதே கதைதான். மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சபா போன்ற பாலர் கம்பெனிகளில் பெண் வேடமெல்லாம் பையன்களுக்குத்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஸ்திரீபார்ட் குரலுக்காகவே எடுக்கப்பட்டார்கள். டி.கே.சண்முகம் அவ்வையார் வேடம் போட்டே ‘அவ்வை’ ஆனார். நம் சனங்களின் ஆட்டங்களிலும் பெண்வேசக்காரர்கள் உண்டு. விடிய விடிய ரசித்துவிட்டு, விடிந்ததும் டீக்கடையில் அவரையே கிண்டலடிக்கிற பழக்கமும் உண்டு.

சினிமாவைச் சொல்லவே வேண்டாம். வில்லனுக்கு ஒரு வக்கிரம் வேண்டுமென்றால் ஆணை விரும்புகிறவனாக்கிவிடுவார்கள். 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ அப்படி. சிரிப்பு வேண்டுமென்றால் குரலை இழுக்க விடுவார்கள். 2015இல் ‘ஐ’ படம் திருநங்கை ஒப்பனைக் கலைஞர் ஒருவரை அருவருப்பாகக் காட்டியதற்குத் திருநங்கையர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் அமைப்புகளிலிருந்து எத்தனை பேர் பக்கத்தில் போய் நின்றோம்? மலையாளத்தில் 2023இல் ‘காதல் தி கோர்’ வந்தது. மம்மூட்டி அதில் ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக்காரர், ஆணை நேசிப்பவர். ஓர் இழுப்பு இல்லை, கையசைவு இல்லை. அளவுக்கு மீறிப் பேசாத ஒரு மனுசன், அவ்வளவுதான். வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனியாக ஒரு சந்தோசம்.

சட்டத்தின் கதை சுருக்கமானது. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை, வயது வந்தோர் விரும்பிக் கூடுவதைப் பொறுத்தவரை, உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாததாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. திருமண உரிமையை 2023இல் மறுத்துவிட்டார்கள். இன்னொரு சட்டத்தை நாம் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதன் முதல் பகுதி சில இனக்குழுக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் பெண்ணுடை உடுத்திப் பொது இடத்தில் ஆடிப்பாடுகிற ‘அலி’களைப் பதிவேட்டில் ஏற்றித் தண்டிக்கச் சொன்னது. ஒரே சட்டம், ஒரே புத்தகம்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் ‘திருத்த’ முயல்வதைத் தடை செய்தது. போலீஸ்காரர்கள் இவர்களைத் துன்புறுத்தக் கூடாதென்று 2022இல் தமிழ்நாட்டில் நடத்தை விதியே திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்பட்டியலை அரசு வெளியிட்டது. மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அதன் வாசல் டீக்கடையில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சொல்லாவது காதில் விழுகிறதா என்று தோழர்கள் போய் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம்.

நம் மேடைகளுக்கு வருகிறேன். ‘ஆம்பளையா இருந்தா வா’ என்கிறோம். தாசில்தாருக்கு வளையலும் சேலையும் அனுப்பும் போராட்டம் நடத்துகிறோம். ‘பொட்டைப் போலீஸ்’ என்று கோஷம் போடுகிறோம். ஆதிக்க சாதிக்காரன் மீசையை முறுக்கி நம்மை மிரட்டிய ஊர்களில் நமக்கும் ஒரு மீசை தேவைப்பட்டது, அந்தக் கோபத்தின் நியாயம் புரியாதவனல்ல நான். ஆனால் அந்த வளையல் யாருடையது? பேண்டேஜ் துணித் தறியிலும் மில்லிலும் உழைத்து, போராட்டத்துக்கு முதல் வரிசையில் வந்து உட்காருகிற நம் அக்கா தங்கைகளுடையது. கோழைக்கு அடையாளமாக அதை அனுப்பும்போது முன்வரிசையைப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். பெண் என்றால் கேவலம், பெண்போல் ஆனவன் அதைவிடக் கேவலம் – இது மநுவின் கணக்கு.

நம் வாசகர் வட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான். பேரும் ஊரும் வேண்டாம். எம்.ஏ. படிக்கிறான். கூலிப் பிரச்சினையை அவனைப் போலப் புள்ளிவிவரத்தோடு பேச இந்த இரண்டு ஊரிலும் ஆளில்லை. ஓர் ஏப்ரல் 14 கூட்டத்தில் மைக்கைப் பிடித்தான். மூன்றாவது வாக்கியத்திலேயே பின்னாலிருந்து விசில், ‘ஏய் ஒம்போது’. விசிலடித்தவன் வெளியாள் இல்லை, நம் பையன்கள்தான், சட்டையில் அம்பேத்கர் படம் குத்தியவர்கள். தலைவர்கள் என்று மேடையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்களே தவிர விசிலை அடக்கவில்லை. அவன் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கினான். அதன்பின் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. துண்டறிக்கைக்கு எழுதித் தருகிறான், வேறு ஆள் வாசிக்கிறான். அவன் யாரை நேசிக்கிறான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அது அவன் சொன்னால்தான் உண்டு.

‘இதெல்லாம் மேட்டுக்குடிப் பிரச்சினை தோழர், நமக்குக் கூலியும் நிலமும்தான்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 1934இல் பம்பாயில் ர.தோ.கார்வே ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழில் பாலுறவு பற்றி வாசகர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினார். அந்தக் கேள்விகளில் தன்பால் உறவு பற்றியதும் இருந்தது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். கார்வேக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீல் டாக்டர் அம்பேத்கர். தோற்றார்கள், கார்வே 200 ரூபாய் அபராதம் கட்டினார். பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டே ஆண்டு. பாபாசாகேப்புக்கு வேறு வேலை இல்லாமலா அந்த வழக்கை எடுத்தார்? நம் காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்துத் தலித் திருநங்கை கிரேஸ் பானு பொறியியல் படிப்புக்குள் நுழைந்து, இடஒதுக்கீட்டுக்குள் திருநருக்கு உள்ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார். அவர் கேட்பது படிப்பும் வேலையும். மேட்டுக்குடி எங்கே வந்தது இதில்?

இந்த இதழுக்கு வந்த கவிதைகளில் மூன்றில் ‘பொட்டை’ என்ற சொல் வசவாக இருந்தது. மூன்றும் நல்ல கோபமுள்ள கவிதைகள். சொல்லை மாற்றித் தரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறோம். இரண்டு பேர் மாற்றித் தந்தார்கள், உள்ளே இருக்கின்றன. மூன்றாமவர் கோபித்துக்கொண்டு நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதையும் முழுதாக அச்சிடுகிறோம், தோழர்கள் பதில் எழுதட்டும். அடுத்த கூட்டம் ராஜபாளையத்தில். கூலி உயர்வு பற்றிப் பேச அந்தத் தம்பியைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அவன் பேச வந்தால் விசிலடிக்கிறவனை வெளியே அனுப்புகிற பொறுப்பை இம்முறை நானே ஏற்றிருக்கிறேன், அவன் என் சொந்தக்காரப் பையனாக இருந்தாலும்.