எல்லைக்கோடும் நீதியும்

வாக்குரிமை கிடைத்துவிட்டால் மக்களாட்சி முழுமை பெற்றுவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உரிமை இருந்தும் அந்த வாக்கைப் பயனற்றதாக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு வரைபடமும் ஓர் எழுதுகோலும் போதும். அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலமே இதற்குத் தக்க சான்று.

அங்கே டஸ்கீகி என்றொரு சிறு நகரம். 1881-இல் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையேற்று வளர்த்த கல்வி நிலையத்தால் புகழ் பெற்ற ஊர். அங்கு கறுப்பின மக்களே மிகுதி. கல்வியில் சிறந்த அம்மக்கள் வாக்காளர் பட்டியலில் மெல்ல இடம் பெறலாயினர். அது பொறாத மாநிலச் சட்டமன்றம் 1957-இல் நகரின் எல்லையையே மாற்றியது. சதுரமாயிருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாயிற்று! சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர மற்றெல்லாரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. யாரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது.

மக்கள் சோர்ந்துவிடவில்லை. வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினர். பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் முதலானோர் வழக்குத் தொடுத்தனர். 1960-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆயினும் சூழ்ச்சி அத்துடன் ஒழியவில்லை. சிறுபான்மையினரைப் பல தொகுதிகளில் சிதறடித்தால், எங்குமே அவர்களால் வெல்ல இயலாது. ஒரே தொகுதியில் திணித்தால், அவர்கள் குரல் ஓரிடத்தோடு அடங்கிவிடும். அலபாமாவில் கறுப்பின மக்கள் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். எனினும் 2021-இல் வகுத்த 7 பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மையாயிருந்தனர். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி மக்கள் வழக்காடினர். அந்த வரைபடத்தைக் கீழ் நீதிமன்றம் தடுத்தது சரியே என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றம் ஏற்படுத்திய புதிய வரைபடத்தின்படி 2024-இல் நடந்த தேர்தலில் கறுப்பினத்தவர் இருவர் வென்றனர்.

“நிறம் பார்த்து எல்லை வகுப்பது பிரிவினையை வளர்க்காதா?” என்று சிலர் கேட்பர். நல்ல கேள்விதான். ஆனால் கோடு போட்டவர் நிறம் பார்த்துப் பிரித்திருக்க, அதைத் திருத்துபவர் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது நீதியாகுமா? தலைக்கு இத்தனை இடம் என்று பங்கிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. சேர்ந்து வாழும் ஒரு சமுதாயத்தை வேண்டுமென்றே வெட்டிக் கூறுபோடலாகாது என்பதே நம் கருத்து.

வேறொன்றும் கூறுவோம். தேர்தலில் நிற்பவரே தம் தொகுதிக்கு எல்லை வகுத்தால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கலிபோர்னியா மக்கள் 2008-இல் வாக்களித்து, தம் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளை வகுக்கும் பொறுப்பைக் குடிமக்கள் ஆணையம் ஒன்றிடம் ஒப்படைத்தனர். பின்பற்றத்தக்க வழி அது.

தோழியரே, நாளை நாமும் வாக்களிக்கப் போகிறவர்கள். யாருக்கு வாக்களிப்பது என்று மட்டும் சிந்தித்தால் போதாது. நம் தொகுதிக்கு எல்லை வகுத்தவர் யார், அந்தக் கோட்டுக்கு வெளியே விடப்பட்டவர் யார் என்றும் கேட்போமாக!